அண்ணனின் பணம் வேண்டாம் என்கிறார் கணவர், வீட்டு உறுதியை ஈடு வைக்கச் சொல்கிறார்: நான் என்ன செய்ய வேண்டும்?

எழுவான்கரைப் பெண் கேட்கிறார்:

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்தைச் சேர்ந்தவள். திருமணமாகி 11 வருடங்கள் ஆகின்றன. ஒன்பது வயதில் மகளும் ஐந்து வயதில் மகனும் இருக்கிறார்கள். கணவர் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஆறு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்து வேளாண்மை செய்கிறார். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, வீண் செலவும் கிடையாது. யானைக் காவலுக்காக மாதக்கணக்கில் வாடியில் விழித்துக் கிடக்கும் மனிதர் அவர். அவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடன் 2021இல் தொடங்கியது. இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த அந்த வருடத்துப் பெரும்போகத்தில், குத்தகை நெல்லை அளந்து கொடுத்த பிறகு வீட்டுச் சாப்பாட்டுக்குக்கூட நெல் மிஞ்சவில்லை. அடுத்த வருடம் டீசல் விலையும் பசளை விலையும் எங்களைத் தூக்கி எறிந்தன. பிறகு ஓரளவு மூச்சு விட்டுக்கொண்டிருந்த வேளையில் 2024 நவம்பர் வெள்ளம் வந்தது. விதைத்து ஒரு மாதமே ஆகியிருந்த பயிர் ஒரு கிழமைக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப் போனது. ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்த நட்டஈட்டில் எங்களுக்குக் கிடைத்த பங்கு, பட்ட செலவின் ஒரு மூலைக்கும் போதவில்லை.

இப்போது இருக்கும் கடன் இவ்வளவுதான். தாலிக்கொடியோடு சேர்த்து ஐந்து பவுண் நகை வங்கியில் 6 இலட்சம் ரூபாவுக்கு அடைவில் இருக்கிறது. அடைவுச் சீட்டு கணவரின் பெயரில் உள்ளது. தவணை முடிந்து ஏலக் கடிதமும் வந்துவிட்டது. ஊரில் ஒருவரிடம் 3 இலட்சம், நூற்றுக்குப் பத்து மாத வட்டி. லாண்ட் மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்துக்கு லீசிங் நான்கு மாத நிலுவை, 1 இலட்சத்துக்குச் சற்று மேல். நான் இப்போது மஞ்சள் கயிற்றோடுதான் இருக்கிறேன். கோயிலுக்குப் போனால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன்.

என் மூத்த அண்ணன் கட்டாரில் மின்சார வேலை செய்கிறார். அம்மா மூலம் விடயம் தெரிந்து, 10 இலட்சம் ரூபா அனுப்புவதாகவும் முடிகிறபோது திருப்பித் தந்தால் போதும் என்றும் என்னிடம் சொன்னார். நான் அதைக் கணவரிடம் சொன்ன அன்று அவர் சாப்பாட்டுக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "கொண்ணனுடைய காசில் வேளாண்மை செய்துவிட்டு இந்த ஊரில் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது?" என்று கேட்டார். மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை.

நான்காம் நாள் அவர் சொன்னதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. நாங்கள் இருக்கும் வீடு அப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது. அதன் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், என் பெயரில் இருக்கிறது. அந்த உறுதியை ஒரு நிதி நிறுவனத்தில் ஈடு வைத்து எல்லாக் கடனையும் ஒன்றாக அடைத்துவிடலாம், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். அண்ணனின் பணம் அவமானமாகத் தெரிகிறவருக்கு, அப்பா கட்டித் தந்த வீடு ஏன் அப்படித் தெரியவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. நாளைக்கு என் மகளுக்குக் கொடுக்க வேண்டிய வீடு அது.

"உன்னுடைய கணக்குக்குப் போடுகிறேன், அவருக்குத் தெரியாமல் நகையை மீட்டுவிடு, பிறகு பார்க்கலாம்" என்கிறார் அண்ணன். அப்படிச் செய்வது தவறா? புரட்டாதி பிறந்தால் வயலுக்குள் இறங்க வேண்டும். அதற்குள் ஒரு முடிவு தேவைப்படுகிறது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மட்டக்களப்பு:

மகள், உங்கள் மனக்கவலையைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். முப்பது வருடங்கள் அடைவுப் பிரிவிலும் கடன் பிரிவிலும் இருந்தவன் என்ற முறையில் நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

மூன்று கடன்களில் உங்களைத் தின்பது வங்கியல்ல, லீசிங்கும் அல்ல. 3 இலட்சத்துக்கு நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் 30,000 ரூபா, வருடத்துக்கு 3 இலட்சத்து 60,000 ரூபா. ஒரு வருடத்தில் வாங்கிய முதலைவிடக் கூடிய தொகையைக் கொடுத்த பிறகும் முதல் அப்படியே நிற்கும். ஒரு போகத்து நெல்லை விற்று இந்த வட்டியைக் கட்டலாம், கடனை அடைக்க முடியாது. எங்கிருந்து பணம் வந்தாலும் முதலில் அடைக்க வேண்டியது இதுதான். கொடுத்த பணத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள், ஆரம்பத்தில் கொடுத்த காசோலையோ வெற்றுத் தாளோ இருந்தால் அதையும் திருப்பி வாங்குங்கள்.

ஏலக் கடிதத்தைப் பார்த்து நடுங்க வேண்டாம். கடிதத்தில் உள்ள திகதிக்கு முன் வங்கிக்குப் போய் வட்டியைக் கட்டி அடைவைப் புதுப்பித்துத் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் ஏலத்தை விட வங்கிக்கும் அதுவே விருப்பம். ஆனால் சீட்டு கணவரின் பெயரில் இருப்பதால் அவர் வர வேண்டும் என்பார்கள். ஆகவே, அவருக்குத் தெரியாமல் மீட்கும் யோசனை சரியா தவறா என்று ஆராய்வதற்கு முன்பே, அது நடக்காத காரியம் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் தேசவழமை உள்ளவர்களுக்கு, மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் வட மாகாணத் தமிழர்களுக்கு உரியது. எங்கள் மட்டக்களப்புத் தமிழர்களுக்குப் பொதுச் சட்டம்தான், 1923ஆம் ஆண்டின் திருமணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி உங்கள் பெயரில் உள்ள வீடு முழுமையாக உங்களுடையது. கையெழுத்து உங்களுடையது என்றால், மறுக்கும் உரிமையும் உங்களுடையதே. லீசிங் தவறினால் லாண்ட் மாஸ்டர் போகும், அடைவு தவறினால் நகை போகும். உறுதியை ஈடு வைத்து, மழையை நம்பிச் செய்யும் வேளாண்மையில் ஒரு போகம் தவறினால் போவது எது என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஈட்டுக்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

கடலோடி, திருக்கோவில்:

சகோதரி, உங்கள் கணவர் நிற்கும் இடத்தில் நின்றவன் நான். அவரைப் பற்றி நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு, அண்ணனின் பணம் கசக்கிறது, அப்பாவின் வீடு ஏன் கசக்கவில்லை என்பதற்கு, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் ஆண்பிள்ளை திருமணம் முடித்ததும் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும், பக்கத்து வளவில் மாமியார், அடுத்த வளவில் மனைவியின் தங்கை என்று சுற்றிலும் அவளுடைய தாய்வழி. கோயில் திருவிழாவிலே அவன் தன் தாயின் குடியோடு, அதாவது தாய்வழி வம்சத்தோடு, போய் நிற்கிறான், பிள்ளைகள் மனைவியின் குடியோடு நிற்கிறார்கள். இதில் எவருக்கும் வெட்கம் இல்லை. ஏனென்றால் இது ஊர் வழமை, பெரிய வயல்காரரான போடியார் வீட்டு மருமகனுக்கும் கூலிக்குப் போகிறவனுக்கும் ஒன்றுதான். சீதன வீட்டை அவர் எவரிடமும் கேட்டு வாங்கவில்லை, தோற்ற பிறகும் வாங்கவில்லை. அதனால் அது உதவி என்றே அவருடைய மனத்தில் பதிந்திருக்காது. ஆனால் அப்படி வந்து வாழ்கிற ஆண் "இது என்னுடையது" என்று சொல்வதற்கு ஒன்றுதான் மிச்சம், அது அவன் தொழில். எனக்குத் தோணி, உங்கள் கணவருக்கு வயல். மனைவியின் அண்ணன் பணம் அதற்குள் வருகிறபோது, தன் காலுக்குக் கீழே இருக்கிற கடைசிப் பலகையையும் உருவி எடுப்பது போல இருக்கும். அவர் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பாருங்கள். "கொண்ணனுடைய காசில் சாப்பிட்டுவிட்டு" என்று அவர் சொல்லவில்லை, "வேளாண்மை செய்துவிட்டு" என்றுதான் சொன்னார்.

இனி என் கதை. 2022இல் கடற்றொழிலுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் கிழமைக் கணக்கில் தோணியைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தோம். ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் வந்தது, விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாகிவிட்டது. இஞ்சினும் பழுது. மாமா உதவுகிறேன் என்றார், நான் மறுத்தேன். ஒரு மாதம் கழித்து மனைவி சீட்டு விழுந்தது என்று சொல்லி ஒரு தொகை தந்தாள். நான் சந்தோசமாக வாங்கி இஞ்சினைச் செய்தேன், தொழிலுக்குப் போனேன், நன்றாகவே உழைத்தேன். அடுத்த வருடம் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கோயிலடியில் நின்றபோது, மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரன், மாமா தந்த காசில் செய்த இஞ்சின் எப்படி ஓடுகிறது என்று அன்பாகத்தான் கேட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அவனுடைய மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. உதவி வாங்கியது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஒரு வருடமாக என் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் என்ன நினைத்திருப்பார்கள் என்பதுதான் வலித்தது. அந்தத் தொகையை நான் ஒன்றரை வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு மனைவி எந்தப் பணத்தைத் தந்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அவள் நல்ல மனத்தோடு செய்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே மறைத்துச் செய்யாதீர்கள். உங்கள் அண்ணன் உங்களிடம் பேசியதுதான் முதல் பிழை. அம்மாவிடம் கேட்டு, தங்கையிடம் சொல்லி, தங்கை மூலம் மச்சானுக்குப் போன சொல் அது. உங்கள் கணவரின் காதுக்கு வருவதற்கு முன்பே மூன்று வாய்களில் அவருடைய தோல்வி பேசப்பட்டுவிட்டது. அண்ணன் அவருக்கு நேரடியாகத் தொலைபேசி எடுத்து, "மச்சான், என்னிடம் இவ்வளவு இருக்கிறது, உங்களுக்கு எது தேவை, எப்படித் திருப்பித் தருவீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கட்டும். அந்தப் பணம் வயலுக்குள் போகக் கூடாது. வட்டிக் கடனுக்கும் நகைக்கும் மட்டும் போகட்டும். விதை நெல்லையும் உழவுக் கூலியையும் அவர் வழக்கம் போலத் தன் முயற்சியில் தேடிக்கொள்ளட்டும், அறுவடையைப் பார்த்து இது என் வேளாண்மை என்று அவர் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

வீட்டு உறுதி விடயத்தில் மட்டும் நான் அவர் பக்கம் இல்லை. அது அவருடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல, உங்கள் மகளுடையது. இதைச் சண்டையாகச் சொல்லாமல், மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.

சம்மாந்துறை வாசகர்:

மேலே எழுதியவரோடு ஒரு விடயத்தைச் சேர்க்கிறேன். கடன் சிறிதோ பெரிதோ, சாட்சிகளோடு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் மார்க்கத்தின் கட்டளை. உறவுக்குள் கொடுக்கும் வட்டியில்லாக் கடனுக்கும் அது பொருந்தும். அந்தக் கட்டளையில் எனக்கு மிகப் பிடித்த இடம், எழுதுகிறவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் பணம் கொடுப்பவர் அல்ல, கடன்படுகிறவர் என்பது. என் வாப்பா எங்கள் மச்சானுக்கு வயலுக்காகப் பணம் கொடுத்தபோது, மச்சான் சொல்லச் சொல்ல வாப்பா எழுதினார், கடைசியில் இருவரும் கையெழுத்திட்டார்கள். குனிந்து வாங்குவது போல அந்த இடத்தில் எதுவும் தெரியவில்லை.

"முடிகிறபோது தந்தால் போதும்" என்று உங்கள் அண்ணன் சொல்வது பெருந்தன்மைதான், ஆனால் ரோசமுள்ள மனிதருக்கு அதுதான் பெரிய பாரம். திகதி இல்லாத கடன், ஒவ்வொரு பெருநாளிலும் கல்யாண வீட்டிலும் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். பெரும்போக அறுவடைக்குப் பிறகு இவ்வளவு, சிறுபோகத்துக்குப் பிறகு இவ்வளவு, வெள்ளம் வந்த போகத்தில் தவணை இல்லை என்று எழுதிவிட்டால் அது ஒரு சாதாரண கொடுக்கல் வாங்கல் ஆகிவிடும்.

மச்சாள், கல்லடி:

எல்லாரும் கணவரைப் பற்றியே எழுதுகிறீர்கள். கட்டாரில் இருப்பவரின் மனைவியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அந்த இடத்தில் இருப்பவள் நான், அதனால் எழுதுகிறேன்.

என் கணவரும் சவூதியில் இருக்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் தன் தங்கையின் குடும்பத்துக்கு எனக்குச் சொல்லாமல் பணம் அனுப்பினார். அது எங்கள் மகளுக்கு வீடு கட்டுவதற்காக அத்திவாரத்துக்கென்று சேர்த்த பணம். அனுப்பிய துண்டு தற்செயலாகக் கண்ணில் பட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன், அந்த மச்சாள் என் பிரசவத்தின்போது நாற்பது நாள் என்னைப் பார்த்தவள். ஆனால் கேட்காததால் இரண்டு வருடங்கள் நான் அவளுடைய வாசலுக்குப் போகவில்லை. அவளுக்கோ ஏன் என்று தெரியவில்லை.

தங்கச்சி, 10 இலட்சம் என்பது வெளிநாட்டில் இருப்பவரிடம் சும்மா கிடக்கும் பணம் அல்ல. அது எதற்காகச் சேர்த்தது என்று அண்ணனிடம் கேளுங்கள். மச்சாளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால், உங்கள் கணவரோடு பேசுவதற்கு முன்னால் நீங்களே மச்சாளோடு பேசுங்கள். முழுத் தொகையும் தேவையில்லை என்றால் முழுத் தொகையையும் வாங்காதீர்கள்.

எழுவான்கரைப் பெண் மீண்டும் எழுதுகிறார்:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பத்து நாட்களாக நான் எழுதாததற்குக் காரணம், ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லடி மச்சாள் எழுதியதை வாசித்த இரவே என் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு விடயம் தெரியாது. கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, அண்ணன் லீவில் வந்து வாகனம் ஒன்று எடுப்பதற்காகச் சேர்த்த பணம் அது என்றும், ஆறு இலட்சம் வரை தருவதில் தனக்கு மனக்குறை இல்லை என்றும், நான்கு இலட்சத்தைத் தொட வேண்டாம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

பிறகு அண்ணன் கணவருக்கு நேரடியாகப் பேசினார். நான் குசினியில் நின்று கேட்டேன். முதல் அரைமணித்தியாலமும் நவகிரிக் குளத்துத் தண்ணீர், யானை வேலி, நெல் விலை என்றே பேச்சுப் போனது. கடைசியில் அண்ணன் கேட்டதற்கு இவர் "யோசிக்க வேண்டும் மச்சான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கோபப்படவில்லை. இரண்டு நாள் கழித்து மகளின் பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து இரவு வெகுநேரம் கணக்குப் பார்த்தார். மறுநாள் காலையில், வட்டிக்காரரின் 3 இலட்சத்தை முழுதாக அடைக்கவும், அடைவு வட்டியைக் கட்டித் தாலிக்கொடியை மட்டும் இப்போது மீட்கவும் 5 இலட்சம் போதும் என்றார். லீசிங்கைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், பெரும்போகத்துக்குப் பிறகு ஒரு இலட்சமும் சிறுபோகத்துக்குப் பிறகு ஐம்பதாயிரமும் கொடுப்பதாகவும் சொன்னார். அதை எழுதி அண்ணனுக்கு அனுப்ப வேண்டும் என்று அவரே சொன்னார், சம்மாந்துறை ஐயா எழுதியதை நான் அவருக்குக் காட்டவே இல்லை.

உறுதியைப் பற்றி நான் மகளின் பெயரைச் சொல்லி ஒருமுறைதான் பேசினேன். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. அவருடைய மனத்தில் இன்னும் ஒரு கசப்பு இருக்கிறது என்பது தெரிகிறது, அண்ணனின் பெயர் வந்தால் முகம் மாறுகிறது. அது உடனே போகும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் வங்கிக்குப் போகிறோம். ஒரே அடைவில் இருக்கும் நகைகளில் தாலிக்கொடியை மட்டும் பிரித்து மீட்க முடியுமா? என்னென்ன கொண்டு போக வேண்டும்?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மட்டக்களப்பு:

மகள், ஒரே சீட்டில் உள்ள நகைகளைப் பிரித்துத் தரும் நடைமுறை வங்கிக்கு வங்கி வேறுபடும். அப்படித் தர முடியாது என்றால், முழு அடைவையும் கணக்கில் மீட்டு, கொடி தவிர்ந்த மற்ற நகைகளை அன்றைக்கே புதிய சீட்டில் வைக்க முடியுமா என்று முகாமையாளரிடம் கேளுங்கள். இப்போது தங்க விலை ஏறியிருப்பதால், குறைந்த நகைக்கே தேவையான தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. கூடுதலாகத் தருகிறோம் என்றால் வாங்க வேண்டாம்.

அடைவுச் சீட்டு, ஏலக் கடிதம், கணவரின் தேசிய அடையாள அட்டை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய சீட்டை எழுதும்போது உங்கள் பெயரில் எழுதுவதா அவருடைய பெயரில் எழுதுவதா என்பதை வீட்டிலேயே பேசித் தீர்மானித்துக்கொண்டு போங்கள், கருமபீடத்தில் நின்று பேச வேண்டாம். கொடியைக் கையில் தரும்போது பழைய சீட்டில் உள்ள நிறையோடு ஒப்பிட்டு, நிறுத்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமையில் கூட்டம் அதிகமாக இருக்கும், ஒன்பது மணிக்கே போய்விடுங்கள்.